பாபநாசத்தில் விட்ட அரைப் புள்ளி

புரட்டாசி 10, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடிக் கூடிக் கலைகிறது. நட்டு நான்காம் நாள், பயிர் இன்னும் பச்சை பிடிக்கவில்லை. வாய்க்காலில் முறைத் தண்ணீர்தான். நமக்கு ஞாயிறு மாலை ஐந்து முதல் ஏழு. விட்டால் அடுத்த முறைக்கு ஆறு நாள்.

அன்றைக்கேதான் செஸ் லீக் கடைசிச் சுற்று, பாபநாசத்தில். மனைவி கல்யாணி மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். மடை திறக்க ஆள் இல்லை. மேல் வயல் கோவிந்தசாமியிடம் சொல்லலாம். சொல்ல மாட்டேன். போன வருடம் நம் முறையில் அரை மணி தின்ற ஆள்.

வாங்க: யூரியா, டார்ச் செல், பி.பி. மாத்திரை.

புரட்டாசி 12, ஞாயிறு

பள்ளிக்கூட ஹால். வெக்கை. எதிரே சீர்காழி அணி. நான்கு போர்டில் மூன்று முடிந்து 1½–1½. மிச்சம் நான். ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு, டிரா என்றால் அவர்களுக்கு. கேப்டன் யூசுப் பாய் ஜவுளிக்கடையைப் போட்டுவிட்டுப் பதினோரு வருடமாக இந்த அணியை இழுத்து வருகிறார். அடுத்த மாதம் மகனோடு துபாய். இதுதான் கடைசி.

எனக்கு இரண்டு சிப்பாய் அதிகம். இரு பக்கமும் ஒரு யானை. ஜெயம் நிச்சயம், ஆனால் ஒரு மணி நேரமாவது இழுக்கும். மணி மூன்றே முக்கால். ஊருக்குப் பைக்கில் ஒன்றரை மணி நேரம்; ஆட்டத்தை முடித்துக் கிளம்பினால் முறையில் பாதிக்கு மேல் போய்விடும். தண்ணீர் முறை பற்றிக் காலையிலேயே பாயிடம் சொல்லியிருந்தேன்.

"டிரா கேக்கட்டுமா பாய்?"

போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்க இஷ்டம் தம்பி."

எதிராளி கை கொடுத்தபடி, "ஏன் சார்? நான் தோத்துட்டேன்னுல்ல இருந்தேன்!"

பைக்கில் பறந்து வந்தும் ஐந்தே கால். மடை திறந்திருந்தது. வயலில் ஒரு மூலை முழுக்கத் தண்ணீர். வரப்பில் மண்வெட்டியோடு கோவிந்தசாமி.

"நீ ஆட்டத்துக்குப் போயிருக்கன்னு டீக்கடையில சொன்னாங்க. அதான் தொறந்து விட்டேன். எதுக்கு இப்படி அரக்கப்பரக்க ஓடியார?"

அவமானமாக இருந்தது.

புரட்டாசி 13, திங்கள்

வெயில். சாப்பிடப் பிடிக்கவில்லை. கோவிந்தசாமியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீம்பு. பாயின் கோப்பையைக் கெடுத்தது அதுதான்.

கல்யாணி போன். வலி இன்னும் வரவில்லையாம்.

புரட்டாசி 14, செவ்வாய்

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் கடைக்குப் போனேன். பாய் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்குமுன்:

"தண்ணி பாஞ்சுதா தம்பி?"

"பாஞ்சுது பாய்."

"அப்புறமென்ன. நான் வேணாம்னு சொல்லி, உங்க பயிர் காஞ்சிருந்தா, அந்தக் கோப்பைய வச்சு என்ன பண்றது?"

யார் பாய்ச்சியது என்று நான் சொல்லவில்லை. டீ வரவழைத்தார். குடித்தேன்.