இடுப்பில் நிற்கிற போன்

பிப்ரவரி 5, புதன்

என் போன் இன்றைக்குச் செத்துப் போனது. ஏழு வருடம் கூடவே இருந்தது. கண்ணாடியில் மூன்று கீறல், சார்ஜ் அரை நாள்கூட நிற்காது. ஆனால் உள்ளங்கையில் அடங்கும். போர்டு போய்விட்டது அக்கா, இனி ஒன்றும் பண்ண முடியாது என்று ரஞ்சித்குமார் கையை விரித்துவிட்டான்.

நான் வேலை செய்வதே மொபைல் கடையில். கடத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஆறு வருடமாக நானும் ரஞ்சித்தும்தான் கவுண்டர். கண்ணாடி அலமாரி முழுக்கத் துழாவிவிட்டேன். என் கைக்கு அடங்குகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பரீட்சை அட்டை அளவு. எனக்கே என் கடையில் போன் இல்லை. வெட்கக்கேடு.

முதலாளி சந்திரமோகனிடம் சொன்னேன். "சின்னது யாரும்மா கேக்கறாங்க? கேட்டா வாங்கிப் போட மாட்டனா?" என்றார்.

கேட்கிறார்கள். தினமும் கேட்கிறார்கள். நான்தான் பெரிசை எடுத்து நீட்டி, கேமரா அப்படி, பேட்டரி இப்படி என்று பேசி அவர்கள் வாயை அடைக்கிறேன். வேறு வழியில்லாமல் வாங்கிப் போகிறார்கள். பில்லில் பெரிசு என்று ஏறுகிறது. மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் பார்த்து, ஜனங்களுக்குப் பெரிசுதான் பிடிக்கிறது என்கிறார் முதலாளி. விற்றது ஏறுகிறது, சரி. கேட்டது எங்கே ஏறுகிறது?

பிப்ரவரி 6, வியாழன்

கேட்டதை நான் ஏற்றுகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று. பெயர், ஊர், போன் நம்பர், சின்னது எதற்கு. இன்றைக்கு மூன்று பேர்.

பிப்ரவரி 13, வியாழன்

இருபத்தாறு பேர்! ஒரே வாரத்தில்.

சென்னப்பன் புளியமரம் ஏறி உலுக்குகிறவர். போன மாதம் வாங்கின பெரிய போன், குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவி, உச்சிக் கிளையிலிருந்து கீழே பாறையில். "நான் விழுந்திருந்தாக்கூட இவ்ளோ சத்தம் வந்திருக்காதுங்க" என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், பாவம்.

மத்தியானம் கோவிந்தம்மாள் என்று ஒருவர், தனியாக. சாமந்தித் தோட்டத்தில் பூப் பறிக்கிறவர். கவுண்டரில் இருந்த போன்களைத் தொடக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "இடுப்புல செருகினா நிக்கணுங்க. நிக்கலன்னா வூட்டுல வெச்சிட்டுப் போவணும். வூட்டுல வெச்சா அது எங்க வூட்டுக்காரரு போனுங்க."

ஆறு வருடம் போன் விற்றவள் நான். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மனு எழுதுகிறீர்களா அக்கா, கலெக்டர் ஆபீஸுக்கா என்று ரஞ்சித் கிண்டல். எழுதுவேன்டா, உனக்கென்ன?

நோட்டை முதலாளி முன்னால் வைத்தேன். நாற்பத்தொரு பெயர். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார். கேட்கிறவன் எல்லாம் வாங்க மாட்டான் என்றார். அப்புறம், ஏதோ டீ சொல்வது போல, பொங்கலுக்கு அப்புறம் வியாபாரம் இல்லை, ஏப்ரலிலிருந்து கவுண்டருக்கு ஒரு ஆள் போதும் என்றார்.

யார் அந்த ஒரு ஆள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. போன மாதம் பெரிய போன் அதிகம் விற்றவன் ரஞ்சித்.

பிப்ரவரி 22, சனி

கேட்டே விட்டேன். சேலம் டீலரிடம் ஒரு பெட்டி சின்ன போன் விலை போகாமல் தூங்குகிறது. நாலே முக்கால் இன்ச், பேர் தெரியாத கம்பெனி, ஆனால் வேலை செய்கிறது. இருபத்தொன்று. அதை எடுங்கள், மார்ச் 31க்குள் இருபதை விற்கிறேன், விற்காவிட்டால் நானே போய்விடுகிறேன், விற்றால் நான்தான் கவுண்டரில் என்றேன். மிச்சம் ஒன்று எனக்கு, முழு விலை கொடுத்து. அது கணக்கில் சேராது.

"வாயைக் கொடுத்து மாட்டிக்காதம்மா" என்றார் முதலாளி. கொடுத்தாகிவிட்டது.

வீட்டில் ஆரோக்கியராஜிடம் சொன்னேன். லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, உனக்கு எதற்கு இந்த வம்பு என்று கேட்டார். என் புருஷன் நல்லவர்தான். ஆனால் எல்லாவற்றையும் வம்பு என்பார்.

பிப்ரவரி 27, வியாழன்

பெட்டி வந்துவிட்டது. எனக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன். அப்பாடா. கட்டைவிரல் மறுபடியும் திரையின் எல்லா மூலைக்கும் போகிறது.

நோட்டை வைத்துக்கொண்டு வரிசையாகப் போன் போட்டேன். நீங்கள் கேட்ட சின்ன போன் வந்திருக்கிறது, வாருங்கள். பாதிக்கு மேல் ஆண் குரல். புருஷன், மகன், கொழுந்தன். ‘எந்தப் போன்?’ ‘அவங்க எப்ப வந்தாங்க?’ ஒருவர் வைத்துவிட்டார். நானும் விடாமல் விளக்கிக்கொண்டே இருந்தேன், முட்டாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

கோவிந்தம்மாளின் புருஷன் பச்சியப்பன் கடைக்கு வந்தார். நேற்று நான் போட்ட போனை எடுத்தவர் அவர்தான். பின்னால் கோவிந்தம்மாள், கவுண்டரின் காலைப் பார்த்தபடி.

சோபனா யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "என் பொண்டாட்டிக்குச் சின்ன போன் வாங்கிக் கொடுக்கற அளவுக்கு நான் வக்கத்துப் போயிடலங்க. இருக்கறதுலயே பெருசா ஒண்ணு எடுங்க."

ரஞ்சித் எடுத்தான். தவணையில் பில் போட்டான். போனை வாங்கித் தன் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார் பச்சியப்பன், அது நிற்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். கோவிந்தம்மாள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவர் பின்னாலேயே இறங்கிப் போனார்.

தப்பு என்னுடையது. அவர் கொடுத்த நம்பர் புருஷன் நம்பர் — வேறு எந்த நம்பரைக் கொடுப்பார்? சொந்தமாக ஒரு நம்பர் இருந்தால் எதுக்கு என் கடைக்கு வரப் போறார்? தெரியாமல் வந்து தனியாகக் கேட்டவரை ஊர் கூட்டிக் காட்டிக் கொடுத்துட்டேனே. ஏன்டி சோபனா, உனக்கு மூளை இருக்கா?

மார்ச் 2, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் மனம் ஒட்டவில்லை. விட்டுவிடு, உன் வேலையைப் பார் என்றார் ஆரோக்கியராஜ். இதுதான் என் வேலை என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். கடையில் இந்த மூன்று நாளில் வந்து பார்த்தவர்கள் ஒன்பது பேர். கூட ஆளோடு வந்த எல்லாரும் பெரிசு வாங்கிப் போனார்கள். பிள்ளை படிக்கணும், மாமனார் படம் பார்க்கணும், அதே விலைக்குப் பெரிசா கிடைக்குதே. தனியாக வந்த இரண்டு பேரும் சின்னது வாங்கினார்கள். கூட வருகிறவர் வீட்டுக்கு வாங்குகிறார். தனியாக வருகிறவர் தனக்கு வாங்குகிறார்.

அப்படியென்றால் இனி போன் போடக் கூடாது. அவர்கள் தனியாக இருக்கிற இடத்துக்கு நான் போக வேண்டும்.

மார்ச் 5, புதன்

விடிந்ததும் சாமந்தித் தோட்டம். கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம், முதலாளி கேட்க முடியாது.

ஒரு போனைத் தீர்த்தம்மாள் என்பவர் கையில் கொடுத்தேன். பேச்சே வேண்டாம், இதை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு வரிசை பறியுங்கள், விழுந்தால் நான் போய்விடுகிறேன் என்றேன். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். குனிந்தார், நிமிர்ந்தார், மடியில் பூவைக் கொட்டினார், வேண்டுமென்றே ஒரு குதி குதித்தார். விழவில்லை. அப்புறம் கையில் எடுத்து, பூக்கூடையை இறக்காமல் ஒரே கையால் தன் மகளுக்கு நம்பர் அழுத்திப் பேசினார். நாளை மத்தியானம் தனியாகக் கடைக்கு வருகிறேன் என்றார். அவரைப் பார்த்து இன்னொருவர்.

நாலாவது வரிசையில் கோவிந்தம்மாள். வரவில்லை. நான் போனேன். என்னால்தான் வந்தது, மன்னித்துவிடுங்கள் என்றேன். கை நிற்காமல் பறித்துக்கொண்டே சொன்னார்: "வுடுங்க. அவரு அதுல படம் பாக்கறாரு. பெருசா நல்லாத்தான் இருக்குது."

மார்ச் 12, புதன்

இதுவரை பத்து விற்றது. சென்னப்பன் கடைக்குள்ளேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். முதலாளி ஸ்டூலைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

பொம்மிடி ஸ்டேஷன். காலை ரயிலுக்கு நிற்கிற, வேலைக்குப் போகும் பெண்கள். நெரிசலில் ஒரு கை கம்பியில், இன்னொரு கைதான் மிச்சம். அவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. பதினாறு.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு வாரமாக ஒன்றுகூட இல்லை. ஒரு வாத்தியார் வாங்கினதைத் திருப்பிக் கொண்டு வந்தார், எழுத்து தெரியவில்லையாம். நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். சின்னது எல்லாருக்கும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். பெரிசு மட்டும் எல்லாருக்குமா? அதை எவன் ஒத்துக்கிட்டான்?

பதினைந்து.

மார்ச் 31, திங்கள்

பதினெட்டு. இரண்டு மிச்சம்.

மாலை ரஞ்சித் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். என் பேரில் ஒன்று, எங்கள் அம்மா பேரில் ஒன்று பில் போட்டுவிடுங்கள் அக்கா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவன் வேலைதான் போகும், தெரிந்தே சொல்கிறான். நல்ல பையன்தான். ஆனால் அவன் அம்மா கேட்காததைக் கேட்டதாக நான் எழுத மாட்டேன். இத்தனை நாளாக நான் சண்டை போட்டதே அதற்குத்தானே.

முதலாளியிடம் போய் பதினெட்டு என்றேன். சரிம்மா என்றார். அவ்வளவுதான்.

தோற்றுப்போனேன். ஆனால் பொய் சொன்னவள் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

கடை டீ-ஷர்ட் இரண்டையும் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தால்தான் என்ன.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதலாளி போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசினார். வெயில், கரண்ட் கட், ஆரோக்கியராஜின் ஆட்டோ. கடைசியில் விஷயத்துக்கு வந்தார். ஒரு வாரத்தில் பதினொரு பேர் வந்து இடுப்பில் நிற்கிற போன் எங்கே என்று கேட்டார்களாம். மிச்சமிருந்த இரண்டும் முதலில் வந்தவர்களோடு போய்விட்டதாம். தோட்டத்தில் பார்த்தோம், ரயிலில் ஒரு பொண்ணு வைத்திருந்தாள் என்கிறார்களாம். ரஞ்சித் பெரிசை நீட்டினால், அது எங்களிடமே இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறார்களாம்.

"நாளைக்கே வந்துடும்மா" என்றார்.

மாட்டேன் என்றேன். வருவதென்றால் நாற்பது பீஸ் எடுக்க வேண்டும். கீழ்த் தட்டில் இல்லை, முன் கண்ணாடியில் வைக்க வேண்டும். ரஞ்சித்தையும் அனுப்பக் கூடாது, நான் காலையில் வெளியே போய் விற்கிறேன், அவன் கடையைப் பார்க்கட்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். யோசிக்கட்டும், எனக்கென்ன அவசரம்? (அவசரம்தான். அரிசி தீர்ந்துவிட்டது.)

ஏப்ரல் 10, வியாழன்

ஒத்துக்கொண்டார். பதினைந்தாம் தேதி வரச் சொன்னார். நாற்பது இல்லை, முப்பது. சரி, முப்பது. சரக்கு நாளைக்கே வந்துவிடுமாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். முதலாளி பேச்சு மாறிவிட்டாரோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"நாந்தாங்க. கோவிந்தம்மா."

நேற்றுத் தனியாகக் கடைக்குப் போனாராம். நான் இல்லை என்றதும் திரும்பிவிடலாமா என்று பார்த்தாராம். அப்புறம் அந்தப் பையனிடமே சின்னது ஒன்றை வாங்கிக்கொண்டு, என் நம்பரையும் கேட்டு வாங்கியிருக்கிறார். பூக் கூலி அவருடைய சொந்தக் கூலி.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"கேட்டாரு. ஒண்ணுதான் இருக்குதே, இன்னொண்ணு எதுக்குன்னாரு. அது வூட்டுக்கு, இது எனக்குன்னேன்."

அதற்கு அவர் என்ன சொன்னார்?

"படம் பாத்துக்கினு இருந்தாரு."

நெட் வரவில்லையா, எதையாவது மாற்றித் தர வேண்டுமா, செவ்வாய்க்கிழமை கடையில் இருப்பேன், கொண்டு வாருங்கள் என்று நான் பாட்டுக்குக் கடைக்காரியாகப் பேசிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். தோட்டத்து வரப்பில் நின்று பேசியிருப்பார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஒண்ணும் வேணாம். சும்மாதான் பண்ணேன்."