அந்தக் கடைசிக் கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஏமாற்றாமல் போடுகிறாரா?

இங்கே வேலை பார்க்கும் கிடங்கில் பெட்டி இறக்கும்போது கால் லேசாகப் பிசகிவிட்டது. வீக்கம் வடிந்துவிட்டது, கவலைப்படாதே. ஒரு வாரம் லீவு கொடுத்துவிட்டார்கள். பொழுது போகாமல், பள்ளி நாட்களில் நான் ராப்பகலாக ஆடிய அந்த விண்கப்பல் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

ஞாபகமிருக்கிறதா? வேற்றுக்கிரகத்து ஆட்கள் ஏதாவது கேட்டால், சொல்லக்கூடிய பதில்கள் திரையில் ஆங்கிலத்தில் வரிசையாக வரும். நான் தமிழில் சொல்லச் சொல்ல, நீ பின்னால் காய் நறுக்கிக்கொண்டே தேர்ந்தெடுப்பாய். “பச்சையா இருந்தா என்னடா, வயசுல பெரியவரு. மரியாதையா பேசு.” உன் தயவில் அண்டம் முழுக்க எனக்கு நல்ல பெயர்!

இந்த முறை எல்லோரையும் எடுத்தெறிந்து பேசிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கை தானாகப் பணிவான பதிலுக்கே போகிறது.

நேற்று கடைசிக் கேள்வி வந்தது: இன்னும் தூரம் போவதா, வீடு திரும்புவதா? அன்று இதற்கு மட்டும் நீ பதில் சொல்லவில்லை. கத்தியை வைத்துவிட்டு, “இத நீயே பாத்துக்கோ” என்று எழுந்து போய்விட்டாய். நான் தூரத்தை அழுத்தினேன்.

இப்போது இன்னும் எதையும் அழுத்தவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட அறைத்தோழன் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். போனைச் சுவரில் சாய்த்துவிட்டு நீ பாட்டுக்குக் காய் நறுக்கு. நான் அந்தக் கேள்வியை வாசிக்கும்போது மட்டும் எழுந்து போய்விடாதே.

உன் மகன்