சாரம் முக்கில் கட்டிய பேனர்

என் அம்சாவுக்கு, எங்க இருந்தாலும் ஒரு நிமிசம் காது குடு.

நான் சொல்லச் சொல்ல மருமவ எழுதறா. நல்ல சேதி சொல்லத்தான் ஆசை. ஆனா சொல்ல வந்தது வேற.

உழவர்கரை இல்லத்துல எத்தனை வருசம் சமைச்சே. வயித்துல புள்ளையோட, வீட்டுல வச்சுக்க முடியாதுன்னு அனுப்பின பதினாறு, பதினேழு வயசுப் பொண்ணுங்க. ஒருத்தி மசக்கையில வெறும் புளியங்காய் கேட்டு அழுதான்னு சொல்லுவே. யாருடின்னு கேட்டா, "உள்ள நடக்கறது உள்ளயே இருக்கட்டும், நீ சாப்பிடு"ம்பே. கட்டின புருசன்கிட்ட என்ன ரகசியம்னு எனக்குக் கோவம் வரும்.

உன் தெவசம் முடிஞ்சு அடுத்த வாரம், உன் பேர்ல அந்தப் பொண்ணுங்களுக்கு வளைகாப்பு வச்சோம். ஒருத்திக்கொருத்தி சந்தனம் பூசி வளையல் போட்டுக்கிச்சுங்க. நான் எட்டவே நின்னேன். அங்க யாரு வந்தாலும் போனை வாசல் கூடையில போட்டுட்டுதான் உள்ள வரணும், உனக்குத் தெரியாததா? நம்ம பையன் போனைக் கையிலயே வச்சிருந்தான். நாந்தான் இல்லத்தைப் பாத்துக்கற மேடம்கிட்ட கேட்டேன், "எம்புள்ளதாம்மா, வீட்டு நெனப்புக்கு ஒரே ஒரு படம்." உன் மொகத்துக்காக விட்டாங்க.

அந்தப் படத்தைப் போட்டு அவன் நம்ம சாரம் ஏரியா முக்குல பேனர் கட்டிட்டான். மேல நீ, பெரிய பொட்டோட. கீழ வளையல் கையோட அந்தப் பொண்ணுங்க. டீக்கடையில நின்னு அண்ணாந்து அண்ணாந்து பாத்தேன். போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். எழுத்து தெரியாதவன்னு சொல்லித் தப்பிக்க முடியல அம்சா. மொகம் தெரிஞ்சுதே.

மீன் விக்க வந்த ஒரு அம்மா, தன் ஊரு பொண்ணு ஒண்ணை அதுல அடையாளம் கண்டு ஊருல போய்ச் சொல்லிட்டா. மேடம் போன் பண்ணினாங்க. திட்டல. "பெரியவரே, அதை எறக்கிடுங்க"ன்னாங்க. நானே ஏணி வச்சு ஏறி அறுத்தேன்.

மன்னிப்புக் கேக்க இல்லத்துக்குப் போனேன். அந்தப் பொண்ணு வாசப்படி வரைக்கும் வந்துச்சு. "நான் பாக்கவே இல்ல தாத்தா. படத்துல எப்பிடி இருந்தேன்?"

"நல்லா இருந்தம்மா."

"அதான் பாத்ததும் கண்டுபிடிச்சுட்டாங்க."

சிரிச்சுதுன்னு நெனக்கிறேன். நான் நிமிரல.

பஸ் ஏறி தவளக்குப்பம் தாண்டி அந்தப் பொண்ணோட ஊருக்குப் போனேன். அவ அப்பா வலை பின்னிக்கிட்டு இருந்தாரு. என்னாலதான்னு சொன்னேன்.

"திருப்பூர்ல வேலைன்னு ஊருக்குச் சொல்லி வச்சிருந்தேன் பெரியவரே. பிரசவம் ஆனதும் சத்தமில்லாம கூட்டியாந்துடலாம்னு இருந்தேன். இப்ப எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுக் கூட்டியாறது? போய்ட்டு வாங்க."

அப்பறம் வலையிலேர்ந்து கண்ண எடுக்கல. என்னை அடிச்சிருந்தாக்கூட தேவலைன்னு இருந்துச்சு.

பொண்ணோட அம்மா மோர் குடுத்துச்சு. வெயில்ல வந்தவன்னு. பஸ்ஸுக்குத் திரும்பறப்ப பின்னாடியே வந்து, மெதுவா கேட்டுச்சு: "ஒழுங்கா சாப்பிடுதா? புளிப்பு கேக்குதா?"

எனக்குத் தெரியலயே அம்சா. நீயா இருந்தா சொல்லியிருப்பே.

அந்தக் கேள்விய அப்பிடியே கொண்டு போய் பொண்ணுகிட்ட சேத்தேன். "மாங்கா ஊறுகா இருந்தா சோறு எறங்குதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க"ன்னுச்சு. நாளைக்கு அதைச் சொல்லத்தான் போறேன். அப்பன் வாசல்ல நிக்க விடுவாரோ என்னமோ. குழந்தை பொறந்தப்பறம் அவ எங்க போவா? நான் கெடுத்தது சரியாகுமா?

அவரு வாசல் தொறக்கற வரைக்கும் போய்க்கிட்டே இருப்பேன். இது உனக்கு நான் குடுக்கற வாக்கு.

"பொண்ணு பேரு எழுதட்டுமா மாமா?"ன்னு மருமவ கேக்கறா. வேணாம்மான்னுட்டேன். இனிமே நீயே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

தலை குனிஞ்சு நிக்கற,
உன் வீட்டுக்காரன்
கோவிந்தன்