கூடாரம் சுமக்க ஒரு சைக்கிள்

கடல் தாண்டிப் போயும் அதட்டலைக் குறைக்காத என் வீட்டுக்காரிக்கு, உன் வீட்டுக்காரன் அன்போடு எழுதுவது. நானும் சின்னவளும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவரைத் தனியாகத் தூக்காதே. தூக்குகிற வேலைக்கு வீட்டில் ஒருவன் போதும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னவளோடு சைக்கிள் கடைக்குப் போனேன். ஒன்றைக் காட்டி, தூக்கிப் பாருங்கள் என்றார் கடைக்காரர். பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கிப் பழகிய கை அல்லவா, தம் கட்டித் தூக்கினேன். அது காகிதம் மாதிரி எழும்பி மின்விசிறியில் போய் இடித்தது. இறக்கை ஒன்று கோணிக்கொண்டது. சின்னவள் என்னை யாரென்றே தெரியாதவள் போல ஒவ்வொரு சைக்கிள் மணியாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிள் என்று கண்டதும் கடிதத்தை மடிக்கப் பார்ப்பாய். மடிக்காதே. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அவள் மாதக் கடைசியில் கிளம்புகிறாள். பெரியவன் போன அதே மலைப்பாதை. அவன் விழுந்த வளைவைத் தாண்டி, அவன் பார்க்காமல் போன ஏரி வரைக்கும். நீ பேசினாலும் போவாள், பேசாவிட்டாலும் போவாள். உன் குரலைக் கேட்காமல் போய்விடுவாளோ என்பதுதான் எனக்குப் பயம்.

கடையில் இருப்பதிலேயே லேசானதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பந்தய சைக்கிள் லேசுதான், ஆனால் பைகளை மாட்டினால் இறக்கத்தில் நெளியும் என்றார் கடைக்காரர். மெல்லிய இரும்புக் குழாயில் செய்த வேறொன்றை எடுத்து வந்தார். அதில் சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்காது. முன்னாலும் பின்னாலும் தாழ்வாகப் பை மாட்டலாம். ஏற்றத்துக்கென்று சின்னக் கியர் இருக்கிறது. உன்னைப் பின்னால் உட்கார வைத்து மிதித்த காலத்தில் எனக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் என் முழங்கால் பிழைத்திருக்கும்.

இது அண்ணன் விழுந்த பாதை என்று சின்னவள் சொன்னதும், அவன் எந்த சைக்கிளில் போனான் என்று அவர் கேட்டார். சின்னவள் சொன்னாள். சுமை மொத்தமும் பின்னாலேயா என்றார். ஆமாம் என்றாள். மழையா என்றார். ஆமாம் என்றாள். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அவள் சாமான்களைக் கிடங்குத் தராசில் வைத்து நிறுத்தோம். அடுப்பு, பாத்திரம், உள்ளே புகுந்து படுக்கிற பை. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டி வைத்திருக்கிறாள், பாரம் குறையுமாம். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். இவ்வளவு கஞ்சத்தனம் எதற்கு, கடையில் பார்த்த புதுக் கூடாரம் சோற்றுத் தூக்கு அளவுதானே இருக்கிறது என்று கேட்டேன்.

"புதுசு வேண்டாம்ப்பா. சைக்கிள்ல எவ்வளவு எடை குறையுதோ, அவ்வளவும் அண்ணன் டென்ட்டுக்கு."

அது இரண்டு பேர் படுக்கிற கூடாரம். இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். பரீட்சை இருக்கிறது, போகக் கூடாது என்று நீ அவளை நிறுத்தினாய். நிறுத்தியதால் எனக்கு ஒரு பிள்ளை மிச்சம். அதற்காக அவளுக்கு உன்மேல் கோபம். அதற்காகவே நான் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இதை ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம்.

போலீஸ்காரர்கள் அந்தக் கூடாரத்தைக் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கே நீ பீரோவில் வைத்துப் பூட்டினாய். சாவி உன் கழுத்துச் சங்கிலியில் கடல் தாண்டிவிட்டது. அந்தப் பூட்டை உடைக்க எனக்கு ஒரு சுத்தியல் போதும். உடைக்க மாட்டேன். அவளும் உடைக்கச் சொல்லவில்லை. அம்மா கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். கொடுக்காவிட்டால் என்று கேட்டேன். "வெட்டவெளியில படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அரைப் பிரஷ்ஷை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

சாவியைத் தபாலில் போடு. கூடவே அவளுக்கு ஒரு வரி எழுது. நல்ல வார்த்தை வராவிட்டால் திட்டியாவது எழுது. உன்னிடம் திட்டு வாங்காமல் அவள் எங்கேயும் போனதில்லை. திரும்பி வருவாள். எப்படித் தெரியும் என்று கேட்காதே. வர வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக உட்கார்ந்து அழாதே. அழுவதாக இருந்தால் போன் போடு, நானும் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சுமைக்காரன்

பின்குறிப்பு: சைக்கிளை வாங்கியாகிவிட்டது. பிரேக்கை நானே சோதித்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற இறக்கத்தில், முன்னும் பின்னும் மணல் மூட்டை கட்டி, ரோட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு, மேலிருந்து மிதித்து வந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.