நான் இருக்காத இத்தா

2005 ஜனவரி 9, ஞாயிறு
பள்ளிக்கூட முகாம். சுனாமி வந்து இன்றோடு இரண்டு கிழமை. சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

மாமி ஆமினா உம்மா இன்றும் வந்தா. அதே கேள்வி. "கடல் வந்த நேரம் நீதானே புள்ள முத்தலிப்புக்குப் பக்கத்துல நிண்ட? என்ட மகனுக்கு என்ன நடந்த?"

தெரியாது! அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கறுப்பு நூலால் தைத்திருந்தேன், அது தெரிகிறது. பிறகு தென்னை மரத்தில் நான் மட்டும். நடுவில் ஒன்றுமே இல்லை. புருசனுக்கு என்ன ஆனதென்று தெரியாமல் ஒரு பெண்ணா?

ஜனவரி 21
மர்சூக் மௌலவி வந்தார். "புருசன் மவுத்தாப் போனா பொஞ்சாதி நாலு மாசம் பத்து நாள் இத்தா இரிக்கணும் மகள். உடம்பும் கிடைக்கல்ல, கூட நிண்டது நீங்கதான். நீங்கதான் சொல்லணும்."

வெள்ளை உடுத்து அறைக்குள் துக்கம் இருக்க மாட்டேன். இருந்தால் நானே அவரை மவுத்தாக்கியதாகிவிடும்.

பெப்ரவரி 14
பகல் லுஹர் தொழுகை. எத்தனை ரக்அத் தொழுதேன், மூன்றா, நாலா? திரும்பத் தொழுதேன். திரும்பவும் மறந்தது. யா அல்லாஹ், எனக்குப் பைத்தியமா?

மார்ச் 3
பைத்தியமில்லை என்று சொன்னா ஆசுபத்திரி டொக்டர். "உயிர் போற பயத்துல மூளை ஒழுங்காப் பதியாது, துண்டு துண்டாத்தான் வைக்கும். நித்திரை சரிவந்தா சிலது திரும்பி வரும். சிலது வராமலும் போகும்."

வராமலே போனால்? மாமிக்கு என்னத்தைச் சொல்வேன்?

ஏப்ரல் 19
ஐந்து மணித்தியாலம் தூங்கினேன். லுஹரில் ரக்அத் எண்ணிக்கை தவறவில்லை.

மே 8
தற்காலிக வீடுகளுக்குக் கூரை போடுகிறார்கள். ஒரு வளை மரம் கைதவறித் தொம்மென்று விழுந்தது. எல்லாம் வந்துவிட்டது.

எங்கள் கூரை வளை அவர் நெஞ்சுக்கு மேல். நான் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன் — "விடு புள்ள, மரத்தப் பிடி!" பிறகு, சாகிற நேரம் சொல்லும் கலிமாவைச் சொன்னார். பாதியில் வாய்க்குள் தண்ணீர். மிச்சத்தை நான்தான் சொல்லி முடித்தேன். நான்தான் சொன்னன்!

மே 9
மாமி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "கலிமாவோடயா போன?" "ஓம் மாமி." என்னைக் கட்டிக்கொண்டு அழுதா. இன்றிலிருந்து இத்தா இருக்கிறேன் என்றேன். வெள்ளைச் சேலை எடுத்துத் தந்தா.

மௌலவி வந்து விரலில் எண்ணிப் பார்த்தார். "இத்தா தெரியவந்த நாள்ல இருந்து இல்ல மகள், மவுத்தான நாள்ல இருந்துதான். உங்கட இத்தா போன கிழமையே முடிஞ்சிட்டு."

சேலையை உடுத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். மாமி சோற்றோடு வெளியே நின்று கூப்பிடுகிறா.

"இண்டைக்கு ஒரு நாளாவது இரிக்க விடுங்க மாமி."