பென்சில் கோடு நின்ற பாடம்

ஜூன் 9, திங்கள்

கணிதப் புத்தகம் வந்துவிட்டது. பகுதிநேர டிப்ளமோ வகுப்பு தொடங்க இன்னும் ஒரு வாரம்தான். பழைய பாடப்புத்தகக் கடையின் இணையதளத்தில் நான்கு தரம் போட்டிருந்தார்கள்: புதிது போல், மிக நல்லது, நல்லது, பரவாயில்லை. நாற்பத்துமூன்று வயதில் படிக்கப் போகிறவனுக்குக் கடைசித் தரம் போதும் என்று எடுத்தேன். பிரித்தால், 96-ஆம் பக்கத்துக்கு அடுத்து 113.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பரவாயில்லைன்னுதானே போட்டிருந்தாங்க? நீங்களும் பரவாயில்லைன்னு இருந்துக்குங்க."

ஜூன் 14, சனி

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்து, கிரீஸ் கையோடு கடைக்கே போனேன். தரம் பிரிக்கும் அம்மா மேஜைக்குப் பின்னால் இருந்தார். ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாக உதறுகிறார், தையலை விரலால் அழுத்திப் பார்க்கிறார், பக்க எண்களை ஓட்டுகிறார். மருத்துவரே தோற்றுப்போவார்.

"பரவாயில்லைன்னா அட்டை கிழிஞ்சிருக்கலாம், கிறுக்கியிருக்கலாம், தண்ணி பட்ட கறை இருக்கலாம். ஆனா ஒரு பக்கம்கூடக் குறையக் கூடாது சார். இது எங்க தப்பு" என்றார். "இன்னொண்ணு. தரம்ங்கறது புத்தகத்தோட உடம்புக்குத்தான். எந்தப் பதிப்புன்னு அது சொல்லாது. புதுசு போல மின்னும், பாடத்திட்டம் மாறிப் போயிருக்கும்."

மாற்றாக 'மிக நல்லது' ஒன்றை நீட்டினார். உள்ளே ஒரு கோடு இல்லை. பக்கத்தில் அதே பதிப்பில் 'நல்லது' ஒன்று, பென்சில் கோடுகளோடு இருந்தது. அதைக் கேட்டேன்.

"எல்லாரும் சுத்தமாக் கேப்பாங்க. நீங்க கோடு போட்டதைக் கேக்கறீங்களே?"

"பழக்கம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

ஜூன் 15, ஞாயிறு

நேற்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் புதுப் புத்தகமே வந்ததில்லை. அக்கா எனக்கு இரண்டு வகுப்பு மேலே. அவள் படித்து முடித்ததெல்லாம் எனக்கு. அட்டை தளர்ந்திருக்கும், மூலை மடங்கியிருக்கும். ஓரத்தில் மட்டும் அவள் பென்சில்: "இது கட்டாயம் வரும்." "இதை விடு." "இங்கே சார் கொட்டாவி விடுவார்." அவர் எனக்கும் அதே பக்கத்தில்தான் கொட்டாவி விட்டார். நான் மட்டும் சிரித்து, வெளியே நின்றேன்.

கணக்கில் அக்கா புலி. ஆனாலும் அவள் பள்ளி முடித்த வருடம் அப்பா, "ஒருத்தரைத்தான் மேல படிக்க வைக்க முடியும்" என்றார். "தம்பி படிக்கட்டும்ப்பா" என்றாள். நான் கல்லூரி சேர்ந்த மாதம் அவளுக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு எனக்கு வந்ததெல்லாம் அவள் தொடாத புத்தகங்கள். இரண்டாம் வருடம் நின்றுவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இப்போது மறுபடி சேர்ந்ததையும் அவளிடம் சொல்லவில்லை. இதிலும் தோற்றால்?

ஜூலை 17, வியாழன்

நான்காம் பாடத்தோடு பென்சில் கோடு நின்றுவிட்டது. ஐந்தாவது தொகையீடு, அதாவது இன்டெக்ரேஷன். பக்கங்கள் பளபளவென்று இருக்கின்றன, புரட்டிய தடமே இல்லை. முன்னால் வைத்திருந்தவர் யாரோ, இங்கே கைவிட்டிருக்கிறார்.

நானும் அன்றைக்குக் கல்லூரியில் நின்றது இங்கேதான்.

ஜூலை 19, சனி

அக்காவுக்குப் போன் செய்தேன். மகளைச் சாக்கு வைத்து, "பாப்பாவுக்குக் கணக்குல ஒரு சந்தேகம்" என்று கேள்வியை வாசித்தேன்.

"ஏழாங் கிளாஸ்ல ஏதுடா தொகையீடு?"

கேள்வியை மறுபடி வாசித்தேன்.

"யாருக்குடா?"

"எனக்குத்தான்க்கா. டிப்ளமோ சேர்ந்திருக்கேன்."

"வைக்கறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

போன் இல்லை. நானும் செய்யவில்லை. அவள் விட்டுக்கொடுத்ததை நான் வீணடித்தேன் — அதற்கு எந்த முகத்தோடு போன் செய்வது?

ஜூலை 27, ஞாயிறு

அக்கா வந்தாள். செருப்பைக்கூட ஓரமாக விடவில்லை. "எடு அந்தப் புக்கை."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தி இருபது நிமிடம் படித்தாள். மனைவி வைத்த காபி ஆறிப்போனது. பிறகு நிமிராமலே கேட்டாள். "அன்னிக்கு ஏன்டா நிறுத்தினே? உடம்புன்னு சொல்லாதே."

"கணக்குல ரெண்டு தடவை ஃபெயிலுக்கா. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பென்சிலைக் கீழே வைத்தாள். "ஃபெயில்னா ஃபெயில்னு சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? நான் கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டேன், சொல்லித்தர ஆளில்லாம நீ நின்னுட்டேன்னு இத்தனை வருஷமா... உன்கிட்ட கேக்கவே பயந்துட்டு இருந்தேன்டா."

இரண்டு பேரும் அழுதோம். பாப்பா கதவருகே வந்து, "ரெண்டு பேருக்கும் கணக்கு வரலையா?" என்றாள். அதற்கப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை.

சாயங்காலத்துக்குள் ஆறு கணக்கு போட்டோம். ஐந்து அவள், ஒன்று நான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஐந்தாம் பாடம் முடிந்தது. ஓரமெல்லாம் எங்கள் இருவர் பென்சில்; இந்தப் புத்தகத்தை இனி 'நல்லது' என்று யாரும் விற்க முடியாது.

நவம்பர் 26, புதன்

கணிதத் தேர்வு எழுதினேன். கடைசி மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 10, சனி

தேறிவிட்டேன். அறுபத்தொன்று. போனில் அக்கா, "என்கிட்ட படிச்சுட்டு அறுபத்தொண்ணா?" என்று திட்டினாள். குரல் முழுக்கச் சந்தோஷம். உடனே, "தம்பி, நானும் அஞ்சல் வழியில கணிதம் படிக்கப் போறேன். மாமா அப்ளிகேஷன் ஃபாரம்கூட வாங்கிட்டு வந்துட்டாரு" என்றாள்.

ஜனவரி 18, ஞாயிறு

அக்காவோடு அதே கடை. நான் 'நல்லது' ஒன்றைக் காட்டினேன். அவள் பதிப்பைப் பார்த்தாள், பக்க எண்களை ஓட்டினாள், பிறகு 'புதிது போல்' ஒன்றை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"கோடெல்லாம் நானே போட்டுக்கறேன்."

ஜூன் 6, சனி

அக்காவுக்கு முதல் தேர்வு. வேலை செய்யும் தையல் நிறுவனத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மூன்று மணி நேரம் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். காவலாளி, "பொண்ணு எழுதுதா சார்?" என்று கேட்டார். "அக்கா" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கடைசி ஆளாக வெளியே வந்தாள், கைவிரல் முழுக்க மை. "ஒரு கணக்கு கோட்டை விட்டுட்டேன்டா" என்று ஆரம்பித்து, பஸ்ஸில் ஏறியும் விடவில்லை. ஜன்னல் தூசியில் விரலால் போட்டுக் காட்டினாள். மூன்றாவது வரியில் அவளே தப்பைக் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

இறங்க வேண்டிய இடம் எப்போதோ தாண்டிவிட்டது. நான் சொல்லவில்லை.