ஏரிக்கரையில் கருவி வைக்கக் கேட்டது

பிப்ரவரி 4, புதன். ரவுண்ட் ராக், மகள் வீடு

காலையில் கடுங்குளிர். புல் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. எனக்கு எழுத்து வராது; போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. சர்க்கரை மாத்திரை இன்னும் போடவில்லை.

நேற்று சாயங்காலம் மகள் சுமதிக்கு அலாஸ்காவோடு வீடியோ மீட்டிங். அங்கே உறைந்த நிலம் உருகுகிறதாம். பூர்வகுடிகள் ஊர் ஒன்றில், ஏரிக்கரையில் துளை போட்டுக் கருவி வைக்க வேண்டும். ஊர்க் கவுன்சில் சம்மதித்தால்தான் சுமதியின் ஆராய்ச்சி நடக்கும். இங்கிலீஷ் புரியாததால் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவுன்சில் தலைவி மேரி, என் வயசு இருக்கும். சுமதி ஏதோ கேட்டாள். மேரி பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், வாயைத் திறக்கப் போனார். அதற்குள் சுமதி திரையில் காட்டிக்கொண்டிருந்த அடுத்த படத்துக்குத் தாவிவிட்டாள்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலப்பா. ஓகேதான். கன்சென்ட் வாங்கியாச்சு."

பிப்ரவரி 5, வியாழன்

சரியான தூக்கமில்லை. வெந்தயம் தீர்ந்துவிட்டது. டிபன் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன், அந்த அம்மா பேச வந்தார் என்று.

"மௌனம் சம்மதம்ப்பா. பொண்ணு பார்க்க வரப்ப பொண்ணு பேசாம இருந்தா சரின்னுதானே எடுத்துக்கறீங்க?"

"நீ எங்க பேசாம இருந்த? ரெண்டு பேரை மூஞ்சிக்கு நேரா வேணாம்னியே."

மாப்பிள்ளை ரமேஷுக்குச் சிரிப்பில் காபி புரையேறியது. சுமதி சிரிக்கவில்லை. "தாசில்தார் கதையை ஆரம்பிக்காதீங்க."

ஆரம்பிக்கவில்லை. ஆனால் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் ஊரில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஆட்சேபணை உண்டா என்றார் தாசில்தார். அதிகாரி முன்னால் வெடுக்கென்று பேசினால் மரியாதையில்லை. பெரியவர் கருப்பையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்திருப்பதற்குள், ஆட்சேபணை இல்லை என்று தாசில்தார் எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டார். சிவப்புக் கரைத் துண்டு.

பிப்ரவரி 6, வெள்ளி

மேகம். நடக்கப் போய்ப் பாதியில் திரும்பினேன். ஃப்ரிட்ஜைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். உள்ளே ஒன்றும் வேண்டாம்.

அறைக்குள் இருவருக்கும் வாக்குவாதம். கதவு சாத்தியும் கேட்கிறது.

"திரும்பக் கேட்டா இந்த சம்மர் போச்சு. ப்ராஜெக்ட் போனா உன் வேலை? நம்ம கிரீன் கார்டே உன் வேலையை வச்சுத்தான் ஓடிட்டிருக்கு."

"தெரியும் ரமேஷ். ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தேன். அவங்க பேசத்தான் வந்தாங்க."

நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதோ. முதுகு வலி.

பிப்ரவரி 8, ஞாயிறு

தூறல். சுமதி மேரியைக் கூப்பிட்டுவிட்டாள். இன்றைக்குப் படம் ஒன்றும் போடவில்லை. கேட்டாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கால் கட் ஆயிடுச்சா?" ரமேஷ் கிசுகிசுத்தார்.

"ச்சு!" என்றேன்.

அப்புறம் மேரி பேசினார். நிறையப் பேசினார். ரமேஷ் என் காதில் சொன்னார்: "ஏரி வேணாமாம் மாமா. குளிர்காலத்துல அவங்களுக்கு மீனே அங்கதானாம். வேற இடம் தரலாமான்னு கவுன்சில் கூடித்தான் சொல்லுமாம்."

பிறகு மேரி சின்னதாக ஒன்று கேட்டார்.

"எங்கயுமே வேணாம்னு முடிவானா விட்டுடுவியான்னு கேக்கறாங்க."

சுமதி பேசவில்லை. மேரி காத்திருந்தார். எனக்குக் கால் மரத்துப்போயிற்று. சுமதி ஒரே வார்த்தை சொன்னாள்.

ரமேஷைப் பார்த்தேன்.

"சரின்னுட்டா மாமா." கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜாக்கெட் கூடப் போடவில்லை.